இரு பருவங்களுக்கு இடையே



கடலோடிக் குடும்பம் என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது வல்வெட்டித்துறை. அவ்வூரில் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938ஆம் ஆண்டில் அவ்வூர் மாலுமிகளுடன் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. காற்று ஒவ்வாத மாதங்களில் பாயைச் சுருட்டிக் கரையிலிருப்பதும், காற்றுத் திரும்பியதும் மீண்டும் கடலில் இறங்குவதும் அத்தகைய குடும்பங்களின் ஆண்டுக் கணக்காகும்.

கடலிலிருந்து வெகுதொலைவில், 6,000 அடி உயரத்தில் அமைந்த நுவரெலியாவுக்கும், அதனை அடுத்த ஹற்றனுக்கும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு என்றால் சிலர் வியப்படையக் கூடும். ஆயினும் மலைநாட்டுத் தோட்ட மக்களின் முன்னோர் கடலைக் கடந்து வந்தவர்கள் மட்டுமல்லர். ஆண்டுதோறும் கடந்து, ஆண்டுதோறும் திரும்பியவர்கள். அந்தப் போக்குவரவின் கதையே இன்று சொல்லப்படுவது.

மலைநாட்டில் முதலில் பரவிய பெருந்தோட்டப் பயிர் கோப்பி. 1820களில் கம்பளை, பேராதனைப் பகுதிகளில் தொடங்கிய அப்பயிருக்கு ஆண்டு முழுவதும் பெருந்தொகையான ஆட்கள் தேவைப்படவில்லை. பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே பலர் வேண்டியிருந்தது. இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை முதலிய பகுதிகளின் உழவர்கள் ஆவணி, புரட்டாசி வாக்கில் கங்காணியோடு புறப்பட்டு, தொண்டி, பாம்பன் முதலிய கரைகளில் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்குவர். அங்கிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். காடு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து நடக்க வேண்டும். வாந்திபேதியும் வைசூரியும் அப்பாதையில் கொண்ட உயிர்கள் மிகப் பல. பிழைத்தவர் மலையேறிப் பழம் பறித்து, தை பிறக்கும் வேளையில் வந்த வழியே திரும்பினர்.

இரு பருவங்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் அக்குடும்பம் என்ன செய்தது? ஊரில் நெல்லறுப்பு இருந்தால் அதற்குச் சென்றது, கூரையை வேய்ந்தது, பிள்ளைக்குக் காது குத்தியது, குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டது, பழைய கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தது. கையிருப்புக் கரைந்து கண்மாயும் வற்றும்போது, கங்காணி முன்பணத்தோடு வாசலில் வந்து நிற்பான். அப்பணத்தைப் பெற்ற கணமே அடுத்த பயணம் உறுதியாகிவிடும். தொடக்கத்தில் ஆண்களே பெரும்பாலும் சென்றனர். வீட்டிலிருந்த பெண்ணுக்கு ஆண்டு என்பது கணவன் போன காலம், வந்த காலம் என இரண்டே பகுதி. வராமற் போனவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை, உடன் சென்றவர் திரும்பும் வரை அவள் அறிய வழியில்லை.

இந்த வாழ்வை மாற்றியது ஒரு நோய். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் காணப்பட்ட துருநோய் பரவி, அத்தொழிலையே அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக்குக் கோப்பியைப் போலப் பறிக்கும் பருவம், பறிக்காத பருவம் என்ற பிரிவு இல்லை. ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை அதே செடியில் மீண்டும் கொழுந்தெடுக்க வேண்டும். எனவே குடும்பம் முழுவதும் லயத்தில் குடியேறியது. பெண்கள் கூடை சுமந்தனர். ஆண்கள் கவ்வாத்து வெட்டினர். 1884இல் ஹற்றனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தது. இரு பருவங்களுக்கு இடையே இருந்த இடைவெளி மறைந்தது.

ஆயினும் கடல்வழி மறைந்துவிடவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டியோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியபின், திருமணம், திருவிழா, பெற்றோர் நோய் என்று மக்கள் போய்வந்தனர். 'ஊருக்குப் போய் வருகிறோம்' என்றே சொல்வர். போவதைப் போலவே வருவதும் உறுதி என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருந்தது.

அந்தப் போக்குவரவே பின்னர் அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கை வருவதைத் தடுத்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பிப்போர், 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன் இடையறாது வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மணமானவருக்கு ஏழு ஆண்டு, மணமாகாதவருக்குப் பத்து ஆண்டு. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்ததாகும். நோயுற்ற தாயின் அருகே பதின்மூன்று மாதம் இருந்த மகனுக்கும் அதுவே விதி. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. முன்னோரை அழைத்து வந்த தோணி, 'கள்ளத்தோணி' என்னும் வசைச்சொல்லாகப் பேரர்கள்மீது விழுந்தது.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது; எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் முடிவாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், அதாவது 1964இல், புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் ஹற்றனிலும் நானுஓயாவிலும் வண்டியேறிய குடும்பங்கள் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்றன. அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு என்றானது பல வீடுகளில் நடந்தது. போய்வருகிறோம் என்று சொல்ல இயலாத முதற் பயணம் அது. சென்றோரிற் பலர் நீலகிரியில், அவர்களுக்கென 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தெடுத்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'.

இலங்கையில் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. இன்று மலைநாட்டுப் பாடசாலைகளில் கற்கும் பிள்ளைகளிற் பலர் மன்னார்க் கரையைக் கண்டதில்லை. தம் பாட்டனாரின் பாட்டனார் எக்கரையில் தோணியேறினார், எந்தக் கங்காணியோடு வந்தார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஆவணங்கள் கேட்டபோது காட்ட இயலாது தவித்த சமூகம் இது. வீட்டு முதியோர் நினைவில் ஒரு துறையின் பெயரோ, ஓர் ஊரின் பெயரோ எஞ்சியிருப்பின், பிள்ளைகள் அதனை இன்றே கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைக்கட்டும். நில உரிமைப் பத்திரம் இல்லாத குடும்பத்துக்கு அதுவும் ஒரு பத்திரம்.