படகின் சுவிட்சுப் பலகை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் வேலை பழகும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன். கடல் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இல்லை. ஆனாலும் பாய்மரப் படகுக்குள் இருக்கிற வேலையில் பாதி உங்கள் கைக்குப் பழக்கமானது.

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் புறப்பட்டார்கள். உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். படகில் இருந்தது இவர்கள் இருவர் மட்டுமே. நடுக்கடலில் விளக்கு அணைந்தால் யாரைக் கூப்பிடுவது?

பாயைத் தொடுமுன் பேட்டரியைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், இரண்டு பிரிவு. இன்ஜினைக் கிளப்ப ஒன்று, விளக்கு, ரேடியோவுக்கு இன்னொன்று. தேர்வு சுவிட்சில் ‘ஒன்று, இரண்டு, இரண்டும், ஆஃப்’ என்றிருக்கும். நங்கூரமிட்ட இரவில் ‘இரண்டும்’ என்று விட்டுத் தூங்கினால், காலையில் இன்ஜின் முனகக்கூடச் செய்யாது. இன்ஜின் ஓடும்போது ‘ஆஃப்’ பக்கம் திருப்பவே கூடாது. ஆல்டர்னேட்டரின் மின்சாரம் போக இடமின்றி டயோடுகள் கருகிவிடும்.

அடுத்தது, படகின் அடித்தளத்தில் சேரும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப். நம் மாடித் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மிதவை மோட்டாரைப் போடும். இங்கே தண்ணீர் ஏறினால் போடும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் இதற்கு மின்சாரம் வரும்படி, தனி ஃபியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்தே ஒயர் இழுப்பார்கள். ஆளில்லாத படகைக் காப்பாற்றுவது அந்த ஒற்றை ஒயர்தான். பம்ப் அடிக்கடி ஓடுகிறதா? கடல்நீர் வால்வுகளையும் அவற்றின் ஹோஸ் கிளிப்புகளையும் உடனே தடவிப் பாருங்கள்.

இன்ஜின் கிளம்பியதும் பின்புறம் எட்டிப் பாருங்கள். இன்ஜினைக் குளிர்வித்த கடல்நீர் புகைக்குழாயில் கொப்பளிக்க வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். கடல்நீர் வால்வு மூடியிருக்கும், இல்லையேல் இன்ஜினின் கடல்நீர் பம்பில் ரப்பர் இறக்கை கிழிந்திருக்கும்.

இரவில் பாய்மரத்தில் போகும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. இன்ஜினைப் போட்டுவிட்டால், பாய் விரிந்திருந்தாலும் சர்வதேச விதிப்படி அது இயந்திரப் படகு. முன்னோக்கி எரியும் வெள்ளைக் கம்ப விளக்கின் சுவிட்சையும் போட வேண்டும். எதிரே வரும் கப்பல்காரர் அதைப் பார்த்துத்தான் யார் விலகுவதென்று முடிவெடுப்பார்.