கல்லில் என்ன எழுதுவது



2014 ஏப்ரல் 24, வியாழக்கிழமை. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் மக்களவைத் தேர்தல். அடையாறில் வெயிலுக்கு முன்னே போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்கள் இந்த அரங்கிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். அதே நாளில் காஷ்மீரின் அனந்தநாக் தொகுதியிலும் வாக்குப்பதிவு. மாலையில், வேலையை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த தேர்தல் ஊழியர்கள் மீது சோபியான் மாவட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஓர் அலுவலர் அங்கேயே மாண்டார். நம்மைப் போலவே ஓட்டுச்சாவடியில் பொழுதைக் கழித்துவிட்டு வீடு திரும்பிய மனிதர் அவர்.

மறுநாள், நம் விரலில் மை அப்படியே இருக்கிறது. அதே சோபியான் மாவட்டத்துக் காசிபத்ரி கிராமத்தில் தீவிரவாதிகள் பதுங்கியிருப்பதாகத் தகவல் வருகிறது. 44 ராஷ்டிரிய ரைபிள்ஸ் படைப்பிரிவு ஊரைச் சுற்றி வளைக்கிறது. முன்னால் நின்று நடத்தியவர் மேஜர் முகுந்த் வரதராஜன். தீவிரவாதிகள் மூவர் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள்; முகுந்த் திரும்பவில்லை. 31 வயது நிறைந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

தாம்பரத்துப் பிள்ளை. காஞ்சிபுரத்தில் வணிகவியல் படித்தார். பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இதழியல். அந்தப் படிப்போடு நின்றிருந்தால், இன்று ஏதாவது ஒரு பத்திரிகையில் நம் தெருவின் மழைநீர்த் தேக்கத்தைப் பற்றிச் செய்தி எழுதிக்கொண்டிருந்திருப்பார். அவரோ பரங்கிமலைப் பக்கத்து அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்குள் போனார், 2006-இல் ராணுவ அதிகாரியாக வெளியே வந்தார். லெபனானில் ஐ.நா. அமைதிப் படையிலும் இருந்துவிட்டுத்தான் காஷ்மீர் போனார்.

அந்த உடல் கடைசியாக வந்து சேர்ந்த இடம் நம் பெசன்ட் நகர் மின்மயானம். ராணுவ மரியாதையோடு அங்கேதான் தகனம் நடந்தது.

2024 தீபாவளிக்கு முகுந்தின் கதையைச் சொல்லும் ‘அமரன்’ படம் வந்தது. தியேட்டரில் அழாதவர்கள் குறைவு. அந்த அழுகையை நான் குறை சொல்லவில்லை, நானும் அழுதவன்தான். ஆனால் சினிமாவில் சிவகார்த்திகேயன் முகம் நிற்கிற அளவுக்கு, காஷ்மீரில் நடந்தது நம் நினைவில் நிற்கிறதா? காசிபத்ரி என்கிற ஊர்ப்பெயரை நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்வார்களா? அன்று முகுந்தோடு மடிந்த சிப்பாய் விக்ரம் சிங்கின் பெயரை?

எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக ஒரு நினைவுக் கட்டடம் நிற்கிறதே, தெரியாதவர் உண்டா? அதன் முன் கல்யாணப் படம் எடுக்கிறோம், அதன் நிழலில் சுண்டல் தின்கிறோம். 1930 டிசம்பரில் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் மூழ்கிப்போன டென்மார்க்குக் கப்பற்காரர் ஷ்மிட் நினைவாகக் கட்டியது அது. கட்டடம் நிலைத்துவிட்டது, ஆளை விட்டுவிட்டோம். எனக்குள்ள பயம் இதுதான்.

இந்த விஷயத்தில் செங்கம் பக்கத்து மனிதர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். பல்லவர் காலத்திலேயே நடுகல் நட்டார்கள். அதில் ‘மாவீரன்’, ‘சிங்கம்’ என்றெல்லாம் அடைமொழி அடுக்கவில்லை. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தச் சண்டையில் பட்டான், அவ்வளவுதான். எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எழுந்த கல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்டது. கூட நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரையும் அதில் விடாமல் வெட்டியிருக்கிறார்கள். நாயையே மறக்காத மண்ணில், தோளோடு தோள் நின்று மடிந்த ஒரு சிப்பாயின் பெயரை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2015 குடியரசு நாளில் முகுந்துக்கு அசோக சக்ரா அளித்தார்கள். அவர் மனைவி இந்து ரெபெக்கா வர்கீஸ் டெல்லியில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி கையிலிருந்து அதைப் பெற்றார். நாடு பார்க்க வேண்டியது தன் துயரத்தை அல்ல, முகுந்த் எப்படிப்பட்ட மனிதர் என்பதை என்று நினைத்து, கண் கலங்காமல் நின்றார். போர்முனைத் தீரத்துக்குப் பரம்வீர் சக்ரா, அமைதிக் காலத்துத் தீரத்துக்கு அசோக சக்ரா. ஆம், அரசுக் கணக்கில் 2014 ஏப்ரல் 25 அமைதிக் காலம்தான். அந்த அமைதியில்தான் நாம் அன்று சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்கினோம்.

தலைவர் அவர்களே, இந்த மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அனுமதி வாங்கி, பெசன்ட் நகர் போகிற வழியில் ஒரு சின்னக் கல் நடுவோம். உருவச்சிலை வேண்டாம், கொடையாளர் பட்டியல் வேண்டாம், திறந்துவைத்தவர் பெயரும் வேண்டாம். இங்கே அமர்ந்திருக்கும் பிரமுகர்கள் மன்னிக்கவும். எழுத்து இவ்வளவு போதும்:

“2014 ஏப்ரல் 25. காஷ்மீர், சோபியான் மாவட்டம், காசிபத்ரி. 44 ராஷ்டிரிய ரைபிள்ஸ். மேஜர் முகுந்த் வரதராஜன், சிப்பாய் விக்ரம் சிங் இருவரும் பட்டனர்.”

எழுத்து பெரிதாக இருக்கட்டும், நடைப்பயிற்சி போகிறவர் கண்ணாடி போடாமலே படிக்கும்படி. கல்லுக்கான செலவில் என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்குவேன்.