பக்கத்து வீட்டுப் பூனை
(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பூனையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். செம்பூரில் எங்கள் சொஸைட்டிக்கு ஆறு வருஷம் செயலாளராக இருந்தவன் நான். தண்ணீர்க் கசிவு, கார் நிறுத்தும் இடம் இரண்டுக்கும் அடுத்தபடி என்னிடம் வந்த புகார் பூனைதான்.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். மூன்றாவது மாடியில் நம்மவர், ஒரு மாமி. மாமா காலமாகி, பிள்ளை வெளிநாட்டில். சாம்பல் நிறத்தில் ஒரு பூனை வரும். தினமும் தயிர் சாதம் வைப்பார். கீழ்த் தளத்தில் ஒரு மராட்டியப் பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பூனை மாமியிடம் சாப்பிட்டுவிட்டு, அவர் தொட்டியில் மண்ணைக் கிளறி அசுத்தம் செய்யும். ஒரு நாள் அவர் பேத்தியைப் பிறாண்டிவிட்டது. குழந்தைக்கு ரேபீஸ் ஊசி போட வேண்டியதாயிற்று. அவர் புகார் எழுதிக் கொடுத்தார். மாமியும் பதிலுக்கு எழுதிக் கொடுத்தார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சொஸைட்டியின் வாட்ஸப் குழுவில் யாரோ ஒருவர், 'மதராஸிப் பூனை' என்று எழுதினார். நம்மவர் ஒருவர் சும்மா இருப்பாரா? அவரும் ஏதோ எழுதினார். மறுநாள் லிப்டில் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். முப்பது வருஷமாகக் கணபதிக்கு ஒன்றாக ஆரத்தி எடுத்தவர்கள்!

நாம் பிழைக்க வந்த ஊரில் எந்தச் சண்டைக்கும் இப்படி 'அவர்கள், இவர்கள்' என்று வால் முளைத்துவிடுகிறது. டெல்லியிலும் நாக்பூரிலும் இருக்கும் உங்களுக்கு இது தெரியாததில்லை.

நான் கமிட்டி கூட்டவில்லை. மாமியை அழைத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். மாமிக்கு மராட்டி நன்றாக வரும். அங்கே ஹிந்தி பேச வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொன்னேன். பெரியவர் மனைவி தேநீர் கொடுத்தார். பிறகுதான் அந்தத் தொட்டியைக் காட்டினார்கள். அது அவர்களுடைய துளசி. அந்த அம்மாள் தினமும் விளக்கேற்றும் துளசி. மாமிக்கு அது தெரியாது. ஏதோ பூந்தொட்டி என்றே நினைத்திருந்தார். 'அபசாரம்' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் பேச்சு சுலபமாயிற்று.

சிலர் கோணியில் கட்டி மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்பார்கள். போன பூனை பல நேரம் திரும்பி வந்துவிடும். வராவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அந்தச் சட்டத்துக்காக ராஜ்ய சபாவில் முதலில் குரல் கொடுத்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல்; 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தானே என்று அலட்சியம் வேண்டாம். விஷம் வைத்தால் விவகாரம் வேறு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. பூனை வராமலிருக்கப் பினாயில் தெளிப்பதும் அந்துருண்டை போடுவதும் கூடாது. இரண்டும் பூனைக்கு விஷம்.

துளசித் தொட்டி மண்ணின் மேல் கம்பி வலை வெட்டிப் போட்டு, கூழாங்கல் பரப்பினோம். இளகின மண் கிடைக்காவிட்டால் பூனை அங்கே கிளறாது. பம்ப் அறைக்குப் பின்னால் ஒரு மூலையில் மணல் கொட்டிக் கொடுத்தோம். அதை வாரிச் சுத்தம் செய்வது மாமி பொறுப்பு. சாப்பாடும் அங்கேதான், சாயங்காலம் ஒரு வேளை. அரை மணியில் தட்டை எடுத்துவிட வேண்டும். பூனைக்குத் தயிர் சாதம் மட்டும் போதாது, அது மாமிசம் தின்னும் பிராணி. வயிறு நிறையாவிட்டால் அடுத்தவர் சமையலறையில்தான் நுழையும். கடையில் விற்கும் உலர்ந்த தீனியை அகத்துக்குள் வைக்க மாமிக்கு மனசு வரவில்லை. அதை வாட்ச்மேன் அறையில் வைத்தோம்.

இது எல்லாவற்றையும்விட முக்கியம் கருத்தடை. நாலைந்து மாசக் குட்டியே சினைப்பட்டுவிடும். ஒன்பது வாரத்தில் பிரசவம். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈடு. ஒரு பூனையைச் சகித்துக்கொள்ளும் பெரியவர் எட்டுப் பூனையைச் சகிக்க மாட்டார், அது நியாயம்தான். ஆண் பூனையாக இருந்தால் ஸ்கூட்டர் சீட்டில் மூத்திரம் அடிப்பதும் ராத்திரிச் சண்டையும் வெகுவாகக் குறையும். ரேபீஸ் தடுப்பூசியையும் அப்போதே போட்டுவிடலாம். செலவை யார் கொடுப்பது என்று மறுபடி சண்டை வரும் போலிருந்தது. மாமி பாதி, சொஸைட்டி பாதி என்று முடிவாயிற்று. கடி, பிறாண்டல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். தடுப்பூசி போட்ட பூனைதானே என்று இருந்துவிடக் கூடாது. இதை நோட்டீஸ் பலகையில் மராட்டியில் எழுதி ஒட்டியவர் அந்தப் பெரியவரே.

அவருக்குப் பூனை இப்போதும் பிடிக்காது. கண்டால் 'ஹட்' என்கிறார். ஆனால் போன மழைக்காலத்தில் மாமி பத்து நாள் ஊருக்குப் போனபோது, பம்ப் அறைக்குப் பின்னால் தட்டு வைத்தது அவர் பேத்தி; பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.