தீவகத்து வானமும் ஓசோனும்



தைப்பொங்கலன்று சூரியனை நோக்கிக் கைகூப்புகிறோம். அச்சூரியனுக்கும் நமக்கும் இடையேயுள்ள மெல்லிய திரையொன்றைப்பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விழைகிறோம். ஓசோன் என்பது ஒட்சிசன் அணுக்கள் மூன்று கூடிய வாயு. நம் தலைக்குமேல் உள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்குக் கொணர்ந்து அமுக்கி வைத்தாலும் மூன்று மில்லிமீற்றர் கனம் தேறாது. உடலுக்குத் தீங்கான ஊதாக்கடந்த கதிர்களிற் பெரும்பகுதியைத் தடுப்பது இதுவேயாகும்.

எட்டாத உயரத்தில் இருப்பதை அளப்பது எவ்வாறு? ஒக்ஸ்போர்ட் அறிஞர் டொப்சன் கையாண்ட வழி எளியது. வெயிலில் ஓசோன் மிகுதியாய் விழுங்கும் கதிர் ஒன்று, சிறிதே விழுங்கும் கதிர் ஒன்று. இவ்விரண்டும் எந்த விகிதத்தில் தரைக்கு வந்து சேருகின்றன என்று பார்த்தாற் போதும். 1928-29 அளவில் அவர் தம் கருவிகளைத் தூரதேசங்களுக்கு அனுப்பியபோது ஒன்று கோடைக்கானல் வானாய்வுக்கூடத்துக்கு வந்தது. அங்கு பிடித்த ஒளிப்படத் தட்டுகள் கப்பலேறி ஒக்ஸ்போர்டுக்குப் போய்த்தான் அளக்கப்பட்டன!

கோடைக்கானலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது மத்தியகோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்று மேலே உள்ளது. ஊர்காவற்றுறையும் நயினாதீவும் நெடுந்தீவும் 9½ பாகையை அடுத்துள்ளன. ஆகவே அம்மலையின் வானம் ஏறக்குறைய நம் வானமே.

ஐரோப்பாவில் ஓசோன் வசந்தத்திற் பெருகி இலையுதிர் காலத்தில் வெகுவாகக் குறையும். கோடைக்கானலிலோ ஏற்றத்தாழ்வு பத்திலொரு பங்கு அளவுதான். வாடை வீசும் மார்கழி, தையிற் குறைவு. சோளகக் காலத்திற் கூடுதல். ஆனியில் நாகபூஷணி அம்பாள் திருவிழாவுக்குக் குறிகட்டுவானிற் படகேறி அலையில் நனைந்து போகிறோமே, அப்போது நம் திரை சற்றுத் தடித்திருக்கிறது. சோளகந்தான் அதைக் கொண்டுவருகிறது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஓசோன் செறிந்திருப்பது சுமார் 25 கிலோமீற்றர் உயரத்தில். சோளகம் அவ்வளவு தூரம் ஏறாது.

இன்னொரு விந்தை. ஓசோனை உண்டாக்குவது கடும் வெயில். வெயில் மிகுந்த நம் வானத்தில் அது ஏன் குறைவு? தோட்டத்திற் கிணற்றடிப் பாத்தியில் நீர் நிற்பதில்லை. வாய்க்கால் வழியே ஓடிக் கடைசிப் பாத்தியிலே தேங்கும். மேல்வளியின் ஓட்டமும் அப்படியே இங்கு விளைந்ததைத் துருவப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இவ்வளவு சிறிதாக மாறுவதை நாள்தோறும் அளப்பானேன் என்று வாலிபர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தென்துருவத்து ஹலி குடாவில் 1957 முதல் ஆண்டு தவறாமல் அளந்து எழுதி வந்தார்கள். வழக்கமான பருவ மாற்றம் இன்னதென்று அக்கொப்பிகளில் இருந்தபடியால், ஒக்டோபர் மாத அளவு 300 அலகிலிருந்து 200க்கும் கீழே இறங்கியது பருவத்தின் விளையாட்டல்ல என்று 1985 மே மாதத்தில் உலகுக்குச் சொல்ல முடிந்தது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோபுளோரோகாபன்களே குற்றவாளிகள். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது.

பாலக்காட்டுக் கல்பாத்தியிற் பிறந்து, அகமதாபாத்தில் ஓசோன் ஆராய்ச்சியை வளர்த்து, சர்வதேச ஓசோன் ஆணைக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் கே. ஆர். இராமநாதன். அவர் 1984 டிசம்பர் 31இல் காலமானார். ஹலி குடாச் செய்தியைக் கேட்க இன்னும் ஐந்து மாதம் அவருக்குக் கிட்டவில்லை.