கோப்புப் பகிர்வும் விளையாட்டுத் தேர்வும்

(கோவை மாவட்ட ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

‘டோரண்டில் கேம் இறக்கினேன்’ என்று மாணவர் சொன்னால், அது என்னவென்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 40 பக்கக் குறிப்பை 40 மாணவருக்கு ஆளுக்கொரு பக்கமாகக் கொடுத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்கிறோம் என வைத்துக்கொள்ளுங்கள். 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரண்ட் இப்படித்தான் இயங்குகிறது. கோப்பைப் பெறுபவரே பிறருக்கும் அனுப்புகிறார்.

இம்முறை குற்றமன்று. உபுண்டு, லிப்ரே ஆபீஸ் போன்றவை இவ்வழியிலும் முறையாகக் கிடைக்கின்றன. ஆனால் விலைக்குரிய விளையாட்டைத் திருட்டுத்தனமாக இறக்கும் மாணவர், தம்மை அறியாமலே அதை விநியோகிப்பவரும் ஆகிறார். அக்கோப்பில் வைரஸ் ஒளிந்திருக்கலாம். பனியன் கம்பெனியில் உழைத்துச் சேர்த்த பெற்றோரின் வங்கிக் கணக்கும் அதே கருவியில்தான் இருக்கும்.

‘வேண்டாம்’ என்றால் மட்டும் போதாது, மாற்றைக் காட்டுங்கள். சிறுவருக்கு ஜிகாம்ப்ரி, சற்றே வளர்ந்தவருக்கு சூப்பர்டக்ஸ்கார்ட், இரண்டும் இலவசம். எந்த விளையாட்டானாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள்: வயதுக்கு ஏற்றதா? இடையில் பணம் கேட்கிறதா? முன்பின் அறியாதவரோடு பேச வைக்கிறதா? பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை ஒன்றிய அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளதையும் சொல்லுங்கள்.

திட்டினால் மாணவர் மறைப்பார். விளக்கினால் நம்மிடம் கேட்பார்.