வேலிக்குள் உறங்கும் கிருமி
(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கூட்டம் நடத்தும் இடமெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. எல்லோருக்கும் முன்னால் அதைக் கேட்பதில்லை. கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்கிறார்கள்: "முகாமில் எங்கள் பக்கத்துக் கொட்டிலில் ஒருவருக்குக் காசநோய் இருந்தது. அந்தக் கிருமி எங்களுக்கும் வந்திருக்குமா?"

நேராகவே சொல்கிறேன். வந்திருக்கலாம். ஆனால் உடம்புக்குள் கிருமி இருப்பது வேறு, காசநோய் இருப்பது வேறு. இந்த வித்தியாசம் விளங்கினால் பாதிப் பயம் போய்விடும்.

நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. காற்றோட்டமில்லாத நெருக்கமான இடத்தில் அந்தக் காற்றை நெடுநேரம் சுவாசிப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் தொற்றுகிறது. கோப்பையாலோ பாயாலோ உடுப்பாலோ தொற்றாது.

உள்ளே போன கிருமி நுரையீரலின் நுனியிலுள்ள சின்னஞ்சிறு காற்றறைகளில் தங்குகிறது. அங்கே காவல் நிற்கும் வெண்குருதிக் கலங்கள் அதை விழுங்குகின்றன. வேறு கிருமிகள் என்றால் பெரும்பாலும் அத்துடன் கதை முடிந்துவிடும். காசநோய்க் கிருமிக்கோ மெழுகு போன்ற தடித்த உறை உண்டு. விழுங்கிய கலத்துக்குள்ளேயே அது உயிர்தப்பிப் பெருகும். சில வாரங்களில் உடம்பு அதை அடையாளம் கண்டு, இன்னொரு வகை வெண்குருதிக் கலங்களை அனுப்புகிறது. அவை சுரக்கும் இரசாயனத்தால் முன்னைய கலங்கள் பலம் பெற்றுக் கிருமிகளைக் கொல்லத் தொடங்குகின்றன. எஞ்சிய கிருமிகளைச் சுற்றி இந்தக் கலங்கள் நெருங்கி நின்று, சிறு முடிச்சுப்போல அடைத்துவிடுகின்றன.

நீங்கள் ஊருக்கு வந்ததும் பற்றை வெட்டி, கதியால் நட்டு, காணிக்கு வேலி அடைத்தீர்கள் அல்லவா? உங்கள் நெஞ்சுக்குள்ளும் அப்படியொரு வேலி இருக்கலாம். உள்ளே அடைபட்ட கிருமி சாகவில்லை, உறங்குகிறது. அப்படிப்பட்டவருக்கு இருமலோ காய்ச்சலோ இராது. அவரிடமிருந்து யாருக்கும் தொற்றவும் மாட்டாது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கிறது. அப்படித் தொற்றிய நூறு பேரில் 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது. மற்றவர்களுக்கு வேலி தாங்குகிறது.

ஆனால் வேலி ஒருமுறை அடைத்தால் முடிகிற வேலையல்ல என்பது உங்களுக்குத் தெரியும். கதியால் பட்டுப்போகும், கிடுகு உக்கும். உடம்பின் வேலியும் உயிருள்ள கலங்களால் ஆனது. போசாக்கான சாப்பாடு இல்லாவிட்டால் அது தளரும். கட்டுப்படாத நீரிழிவு, புகைத்தல், அதிக குடி, எச்.ஐ.வி. தொற்று, நீண்டகாலம் எடுக்கும் ஸ்டீரொயிட் மருந்து, முதுமை ஆகியவையும் அதைத் தளர்த்தும். சிறு பிள்ளைகளுக்கு அந்த வேலி இன்னும் உறுதிப்படவில்லை. தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளில்தான் ஆபத்துக் கூட. முகாமில் இருந்துவிட்டு அண்மையில் திரும்பிய நாம் இப்போது கவனமாக இருக்கவேண்டியது அதனால்தான்.

வேலி உடைந்தால் உடம்பு அடையாளம் காட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு மெலிதல், பசியின்மை, சளியில் இரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்க வைத்தியசாலைக்கோ மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கோ போங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எச்சிலைக் கொடுக்காமல், நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளியைக் கொடுங்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால் மற்ற எல்லோரும் பரிசோதிக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நோய் இல்லையென்றாலும், தடுப்பு மருந்து தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, பிள்ளைகளுக்கு மூளையைத் தாக்கும் கடுமையான காசநோயிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. போடத் தவறியிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சை வழமையாக ஆறு மாதம். ஓரிரு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிவிடும். அப்போது பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம்.

இடம்பெயர்வின்போது மருந்தை இடையில் விட்டவர்கள் இங்கே இருக்கலாம். உங்களிடம்தான் முக்கியமாகப் பேசுகிறேன். அட்டை தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. நாளைக்கே போங்கள். எந்த மருந்து எடுத்தீர்கள், எத்தனை மாதம் எடுத்தீர்கள் என்று நினைவிலுள்ளதைச் சொல்லுங்கள். அது குற்றமல்ல, ஓடிக்கொண்டிருந்த காலம் அப்படி.

கடைசியாக இரண்டு விடயம். புது வீடு கட்டும்போது எதிரெதிராக யன்னல் வையுங்கள், காற்றும் வெயிலும் உள்ளே வரட்டும். முருங்கை இலை, பயறு, முட்டை, சின்ன மீன் என்று கிடைப்பதைப் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் பகிர்ந்து சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் பட்டினி கிடந்தால் அவளுடைய வேலிதான் முதலில் சாயும்.

காசநோய் பரம்பரை நோயுமல்ல, பாவத்தின் பலனுமல்ல. மருந்தால் மாறும் நோய். வெட்கப்பட்டு இருமலை மறைக்காதீர்கள். கூட்டம் முடிந்த பிறகு மெதுவாகக் கேட்க விரும்புபவர்கள் வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.