ஒரே ஒரு சவள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், எங்கள் வகுப்பின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்புக்கும் பத்து நிமிடம் தந்திருக்கிறீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எதைச் சொல்வது என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். விளையாட்டுப் போட்டியைச் சொல்லலாம் என்றாள் ஒருத்தி. விடுதிச் சோற்றைச் சொல்லலாம் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டது ஒன்றைத்தான்: மட்டக்களப்பு வாவியில் நாங்கள் போன மீன்பிடிப் பயணம். கேட்டால் சிரிப்பீர்கள். நாங்களும் இப்போது சிரிக்கிறோம். ஆனால் சிரிப்பு முடிந்ததும் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைப்போம். அதற்காகத்தான் இந்தக் கதை.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் மலையில் பிறந்தவர்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் லயத்துக்குக் கீழே இருக்கும் பீலி. கொஞ்சம் பெரிய தண்ணீர் என்றால் பதுளை ஓயா. இன்னும் பெரியது என்றால் 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்த. கடல் என்பது பாட்டிமார் சொன்ன கதை. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் நம் முன்னோர் பலர் தோணிகளில் கடல் கடந்தார்கள். இறங்கியவர்கள் காட்டு வழியே நடந்து மலை ஏறினார்கள். அதன் பிறகு அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தண்ணீரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் கை உயர்த்துவீர்கள் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை.

எங்களுக்குப் புவியியல் கற்பித்த டீச்சர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர். ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்விட்டார். ‘வாவியில் மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போவேன், வாங்க’ என்று ஒவ்வொரு புதுவருடத்துக்கும் சொல்வார். 2022 செப்டெம்பரில் ஐந்து பேர் புறப்பட்டோம். பசறை, லுணுகல, பிபிலை, மகா ஓயா, செங்கலடி என்று மலை இறங்கி, பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் வாசலில் நின்றார். வயது எழுபத்தெட்டு. குரல் மட்டும் அதே வகுப்பறைக் குரல்.

படகு டீச்சரின் தம்பி மகனுடையது. அவர் டீச்சரை மாமி என்பார், நாங்கள் அவரைத் தம்பி என்றோம். உதவிக்கு அவருடைய மகன், பன்னிரண்டு வயதுச் சின்னவன். ஆக எட்டுப் பேர். படகில் இருந்த உயிர்காப்பு அங்கி இரண்டு. ஒன்றை டீச்சருக்கும் ஒன்றைச் சின்னவனுக்கும் போட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. அதற்கு முந்தின மாதம்தான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியிருந்தது. குப்பி விளக்கில் படித்து வந்த எங்களுக்கு மண்ணெண்ணெயின் அருமை தெரியும். சிறு மீனவருக்கோ அதுதான் தொழில். பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் இயந்திரம் அவருடையது. எண்ணெய்க்கே காசு போதாதபோது, இயந்திரத்தைத் திருத்த எங்கே போவார்?

முதலில் இழுவைக் கயிறு அறுந்தது. ஐந்தாவது இழுப்பில் கயிறு தம்பியின் கையோடு வந்துவிட்டது. ‘இது எப்பவும் இப்படித்தான்’ என்று முடிச்சுப் போட்டார். இயந்திரம் பிடித்துக்கொண்டது. கரை தூரமாக, நாங்கள் கைகொட்டினோம்.

இரண்டாவது, காலடியில் தண்ணீர். படகின் பின்பக்கம் அடியில் தண்ணீர் வடிக்கும் துளை ஒன்று உண்டு. அதன் மூடி தேய்ந்து, அதைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. எங்களில் ஒருத்தி தன் லேஞ்சியைக் கொடுத்தாள். தம்பி அதைச் சுற்றி மூடியை இறுக்கினார். கசிவு குறைந்தது, நிற்கவில்லை.

மூன்றாவது, வலை போடும் இடத்துக்குப் போகும் வழியில் இயந்திரம் இருமி இருமி நின்றது. முடுக்கினால் இரண்டு நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும். தம்பி இயந்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் விஞ்ஞான ஆசிரியை எண்ணெய்க் கலனைப் பார்த்தாள். அதன் பக்கங்கள் உள்ளே ஒட்டிப்போயிருந்தன. ‘டின்பாலுக்கு ஏன் இரண்டு ஓட்டை போடுகிறோம்?’ என்று கேட்டாள். ஒன்றில் பால் வரும், மற்றதில் காற்றுப் போகும். காற்றுப் போகாவிட்டால் பால் வராது. கலனின் மூடியில் காற்றுப் போவதற்கான சிறு திருகு துருப்பிடித்து மூடிக் கிடந்தது. மூடியையே கொஞ்சம் தளர்த்தியதும் கலன் ஒரு பெருமூச்சு விட்டது. இயந்திரம் ஒழுங்காக ஓடியது. அன்று படகில் எங்களுக்கு ஏற்பட்ட பெருமை அரைமணி நேரம் நீடித்தது.

அந்த அரைமணியில் வலை போட்டோம். ஏழு மணலை மீனும் ஒரு கை இறாலும் கிடைத்தன. திரும்பும் வழியில் யாரோ கைவிட்ட வலைத்துண்டு ஒன்று இயந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொண்டது. ‘டக்’ என்று ஒரு சத்தம். இயந்திரம் ஓடுகிறது, விசிறி சுற்றவில்லை. விசிறியையும் தண்டையும் இணைக்கும் ஆணி அறுந்திருந்தது. விசிறி எதிலாவது மோதினால் உள்ளே இருக்கும் பற்சில்லு உடையாதபடி, அந்தச் சின்ன ஆணி தான் அறுந்து மற்றதைக் காப்பாற்றும். அது அறுந்ததில் பிழை இல்லை. மாற்று ஆணி இல்லை என்பதுதான் பிரச்சினை. கொண்டை ஊசி, சேலை ஊசி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தோம். தம்பி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் வளைந்தது.

ஊன்றுகம்பை எடுத்தார். அது சேற்றில் புதைந்து, இழுக்கும்போது முறிந்தது. நங்கூரமாக இருந்த கல்லை இறக்கினார். கயிறு உக்கிப்போயிருந்ததால் கல் மட்டும் கீழே போனது. மிஞ்சியது ஒரே ஒரு சவள். ஒரு பக்கம் வலித்தால் படகு வட்டமடித்தது. மறுபக்கம் மாறி வலித்தால் மறுபக்கம் வட்டமடித்தது. கைத்தொலைபேசியில் நண்பரை அழைத்தார். ‘போட் கிடக்கு, எண்ணெய்தான் இல்லை’ என்றார் நண்பர். 2022 இல் அது சாட்டு அல்ல, உண்மை.

அப்போதுதான் கச்சான் காற்று எழும்பியது. காலையில் கண்ணாடி போலக் கிடந்த வாவி கறுத்தது. அலை படகுக்குள் தெறித்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் சிரிப்பை நிறுத்தினோம். ஒருத்தி அழத் தொடங்கினாள். ஒருத்தி எழுந்து நின்று கரையை நோக்கிக் கையசைத்தாள். படகு ஒரு பக்கம் சரிந்தது.

‘ஒருத்தரும் எழும்பப்படாது. எல்லாரும் கீழே இருங்க.’

டீச்சரின் குரல். முப்பத்தைந்து வருடம் கழித்தும் நாங்கள் உடனே கீழ்ப்படிந்தோம். இருக்கைப் பலகையிலிருந்து இறங்கிப் படகின் அடித்தட்டில், தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்தோம். பாரம் கீழே போனதும் படகின் ஆட்டம் குறைந்தது.

பிறகு டீச்சர் கேட்டார்: ‘கச்சான் எந்தத் திசைக் காற்று?’

‘மேற்கு’ என்றோம்.

‘அப்ப நம்மை எங்கே தள்ளும்?’

‘கிழக்கே.’

‘கிழக்கே என்ன இருக்கு?’

வாவியின் மேற்குக் கரை, சூரியன் படுகிற பக்கம், படுவான்கரை. கிழக்குக் கரை, சூரியன் எழுகிற பக்கம், எழுவான்கரை. டீச்சரின் வீடு எழுவான்கரையில். காற்று எங்களை வீட்டுப் பக்கம்தான் தள்ளுகிறது! படகு புரளாமலும் மூழ்காமலும் பார்த்துக்கொண்டால் போதும். தம்பி சவளைப் பின்பக்கம் வைத்து, அலை பக்கவாட்டில் அடிக்காதபடி படகின் முகத்தைத் திருப்பிப் பிடித்தார். நாங்கள் சாப்பாட்டுப் பெட்டிகளால் முறைவைத்துத் தண்ணீர் இறைத்தோம். சின்னவன் எண்ணிக் கொடுத்தான், ஆளுக்கு நூறு. ஒன்றரை மணி நேரத்தில் கண்ணா மரங்களுக்கிடையே படகு சொருகி நின்றது. முழங்கால் அளவு சேற்றில் இறங்கி, டீச்சரைக் கைத்தாங்கலாகக் கரையேற்றினோம். ஏழு மணலையும் பத்திரமாக வந்து சேர்ந்தன.

இனிமேல் சிரிப்பில்லாத பகுதி.

2012 நவம்பர் 17 அன்று மெக்சிக்கோவின் கரையிலிருந்து அல்வரெங்கா என்ற மீனவர் ஓர் இளைஞரோடு சிறு படகில் மீன் பிடிக்கப் போனார். புயல் பிடித்தது. இயந்திரம் நின்றது. வானொலிக் கருவியின் மின்கலம் தீர்ந்தது. பாய் இல்லை, நங்கூரம் இல்லை. துணைக்கு வந்த இளைஞர் நடுக்கடலில் இறந்துபோனார். மழைநீரும் பறவையும் ஆமையும் உண்டு, 438 நாள் கழித்து, 2014 ஜனவரி 30 அன்று பசிபிக்கின் மறுபக்கத்தில் மார்சல் தீவுகளில் அவர் கரையேறினார். உலகமே அதை அதிசயம் என்று எழுதியது. அந்தக் கதையின் தொடக்கத்தைப் பாருங்கள். நாங்கள் வாவியில் கண்ட அதே வரிசைதான்: ஒன்று பழுதானது, அதற்கு மாற்று இல்லை, அடுத்தது பழுதானது, அதற்கும் மாற்று இல்லை. எங்களைக் கரை தடுத்தது. அவரைத் தடுக்க அங்கே கரை இல்லை.

நம் நாட்டிலேயே, 2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை மக்கள் ஒரு மிதவைப் படகில் களப்பைக் கடந்தார்கள். அது கவிழ்ந்தது. அன்று ஆறு உயிர்கள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். புத்தகப் பையோடு போன பிள்ளைகள். நாமும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறவர்கள், இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

எங்கள் படகில் பழுதானவற்றைப் பிறகு எண்ணிப் பார்த்தோம். கயிறு, மூடி, திருகு, ஆணி, கம்பு, நங்கூரக் கயிறு. ஒன்றாவது பெரிய சாமான் இல்லை. தம்பி கவனமில்லாதவரும் அல்லர். அந்த அலையில் ஒற்றைச் சவளால் படகைப் பிடித்து நின்றது அவர் கைதான். ஆனால் இல்லாதவன் படகில் எதுவும் ஒவ்வொன்றுதான் இருக்கும். அது நமக்குப் புதிதா? லயத்தில் ஒரு விளக்கு, ஒரு சோடிச் சப்பாத்து, வீட்டுக்கு ஒரு சம்பளம். அந்த ஒன்று போனால் பிள்ளையின் படிப்பு அன்றோடு நிற்கும். நம்மோடு படித்து இடையில் நின்றவர்கள் கெட்டித்தனம் இல்லாமல் நின்றவர்களா? மாற்று இல்லாமல் நின்றவர்கள். அப்படி நிற்க இருந்த எத்தனையோ பேருக்கு இந்தச் சங்கம் புத்தகமும் பரீட்சைக் கட்டணமும் கொடுத்து இரண்டாவது சவளாக இருந்திருக்கிறது. எங்களில் இருவர் அப்படிப் படித்தவர்கள்.

ஊருக்குத் திரும்புமுன் ஐந்து பேரும் காசு சேர்த்துத் தம்பிக்கு ஒரு சவளும், நங்கூரக் கயிறும், ஒரு டசின் ஆணியும் வாங்கிக் கொடுத்தோம். டசின் ஆணியைக் கண்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது வேண்டுகோள். முதலாவது, நம் பாடசாலைப் பிள்ளைகள் சுற்றுலா போகும்போது, எந்தப் படகில் ஏறினாலும், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று எண்ணிய பிறகே ஏற வேண்டும். இல்லையென்றால் கரையில் நின்று படகைப் பார்த்தால் போதும். இரண்டாவது, நூற்றாண்டு நிதியிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க வேண்டும். மலைப் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம். இராவணா எல்லையிலும் தியலுமவிலும் எச்சரிக்கைப் பலகைகள் சும்மா நடப்படவில்லை. நம் பிள்ளைகள் இன்று கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் வேலைக்கும் கலியாணத்துக்கும் போகிறார்கள். போகிற இடமெல்லாம் தண்ணீர் இருக்கிறது. எங்கே பழக்குவது, யார் பழக்குவது என்பதைச் செயற்குழு தீர்மானிக்கட்டும். பயிற்றுவிப்பவர் பெண்ணாக இருந்தால் பெற்றோர் தயங்காமல் அனுப்புவார்கள். முதல் வருடச் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. இரண்டாம் வருடத்தை ஏற்க எந்த வகுப்பு முன்வருகிறதோ, அந்த வகுப்பின் பெயரை இன்றே எழுதிக்கொள்ளச் செயலாளர் பேனாவோடு காத்திருக்கிறார்.

வெளிநாடுகளில் இருந்து இந்த மலரை வாசிக்கும் தோழியருக்கும் இதே வேண்டுகோள்தான். நீங்கள் அனுப்பும் சிறு தொகை இங்கே ஒரு பிள்ளையின் கையில் சவளாகும்.